பூனைக்குள் இருமிய மாமனார்

அந்த வருஷம் ஐப்பசியில், சித்தூர் பக்கத்துப் புத்தலப்பட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினவர்களில் பாதிப் பேர் பூனையோடு இறங்கினார்கள்.

கூடையில் பூனை, கோணிப்பையில் பூனை, முந்தானைக்குள் பூனை. ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து அதற்குள் குட்டியைச் சுற்றி, கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார். திருமலையிலிருந்து மொட்டையோடு திரும்பிக்கொண்டிருந்த பக்தர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இங்கே என்ன, பூனைச் சந்தையா?" என்று கேட்டார்கள்.

"சந்தை இல்லே, சாமி இருக்குறாரு" என்றார் கண்டக்டர். முதல் வாரம் அவரும் சிரித்தார். இரண்டாம் வாரம் பூனைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மூன்றாம் வாரம் அவரே ஒரு பூனையோடு வந்தார்.

சாமியின் பெயர் நிழல்சாமி.

இதே ஜனங்கள்தான் சில மாதங்களுக்கு முன்னால், ஸ்கைலாப் என்கிற அமெரிக்க விண்வெளிக் கூடம் நம் தலையில்தான் விழப்போகிறது என்று நம்பி, இருந்த ஆடு கோழியை எல்லாம் அடித்துத் தின்று, பேசாத பங்காளியிடம் பேசி, கட்டிப்பிடித்து அழுதவர்கள். அது ஆஸ்திரேலியாப் பக்கம் போய் விழுந்தது. தின்ற ஆடு திரும்பி வரவில்லை. பங்காளியோடு மறுபடியும் பேச்சு நின்றது. இவ்வளவுக்குப் பிறகு மனுஷன் கொஞ்சம் உஷாராவான் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆகவில்லை. பயந்து பழகிய மனசு காலி வீடு மாதிரி கிடந்தது. யாராவது குடிவர வேண்டியதுதான் பாக்கி.

நிழல்சாமி வந்து பால் காய்ச்சினார்.

வந்த நேரமும் நல்ல நேரம். அடைமழை. சுவரெல்லாம் நத்தை, படியெல்லாம் நத்தை. வீட்டுக்கு வீடு பூனைக்குட்டிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு, தொண்டையில் முள் சிக்கினது போல 'க்ஹக், க்ஹக்' என்று இருமின. மாடு இருமினால் வைத்தியம் பார்ப்பார்கள். பூனை இருமினால்? யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாத இடத்தில் எல்லாம் தெரிந்தவன் வந்து உட்காருவது நம் நாட்டு வழக்கம்.

நிழல்சாமியின் சித்தாந்தம் இது. சாகும்போது சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் போன உயிர், அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அலையும். நாயிடம் போனால் குரைக்கும். மாட்டிடம் போனால் முட்டும். பூனை ஒன்றுதான் யாரையும் கேட்காமல் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைகிற ஜீவன். ஆகவே உயிர் பூனைக்குட்டியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிடும். சொல்ல முடியாத அந்தச் சொல்தான் இருமலாக வருகிறது!

எவ்வளவு ஜோடனை பாருங்கள். இந்த மூளையை உருப்படியான காரியத்தில் போட்டிருந்தால் ஆசாமி ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையே வைத்திருக்கலாம்.

கதையைக் கேட்டதும் ஊருக்கு ஞாபகம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் வீட்டில்தான் செத்தவர்கள் முழு வாக்கியம் பேசிவிட்டுச் செத்திருக்கிறார்கள்?

"எங்க நைனா கடைசியா 'அந்த... அந்த...'ன்னு சொல்லிக்கினே பூட்டாரு. அந்த இன்னா? புளியமரத்தடியா, மாட்டுக் கொட்டாயா?" என்று ஒருவன் கேட்டான். அவனும் அண்ணனும் இரண்டையும் தோண்டினார்கள். புளியமரம் சாய்ந்ததுதான் மிச்சம்.

நிழல்சாமியின் ஆசிரமம், மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லின் கொட்டகை. நடுவில் ஒரு பலகைப் பெட்டி, ஆள் உயரத்துக்கு. அதன் மேல் கறுப்புத் துணி. பக்கத்தில் லாரி பேட்டரி. ஒரு சிவப்பு பல்பு. 'டுர்ர்' என்று கத்துகிற ஏதோ ஒரு மோட்டார். அது எதையும் சுற்றவில்லை, கத்த மட்டும் செய்தது. பெட்டிக்குப் பின்னால் துணி மறைவில் சாமியின் மைத்துனர் சின்னசாமி, ஒரு வாளித் தண்ணீரோடு. அவருக்கு மௌன விரதம். வாயைத் திறந்தால் சாராய வாடை வரும் என்பதால் ஏற்பட்ட விரதம்.

பூனையைக் கூடையில் வைத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் மூடித்தான் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் பட்டால் ஆவி நழுவிவிடுமாம். ஆக, சாமி பூனையைப் பார்ப்பதே இல்லை. கூடை பெட்டிக்குள் போகும். பல்பு எரியும். மோட்டார் கத்தும். பின்னாலிருந்து ஒரு கை, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கறுப்பு பிலிமை நீட்டும். சாமி அதைத் தூக்கிக் காட்டுவார்.

அசல் படம்தான்! முதுகெலும்பு, விலா எலும்பு, நாலு கால், நுனியில் கொக்கி போல வளைந்த ஒரு வால். நெஞ்சுக்குள் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளைத் திட்டுகள்.

"இதோ உக்காந்துகினு இருக்கான் பார்" என்பார் சாமி.

பிறகு திட்டுகளைப் படிப்பார். தெலுங்கில் படிப்பார். சந்திரம்மா என்கிற கடலைக்காய் வியாபாரி மட்டும் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "எங்க வூட்டுக்காரருக்குத் தெலுங்கே வராதே சாமி? நீ இன்னா தெலுங்குல படிக்கிறே?"

சாமி அசரவில்லை. "மேலே போயிட்டா எல்லா காகிதமும் தெலுங்குலதாம்மா."

கூட்டம் தலையாட்டியது. வீட்டில் தமிழ் பேசினாலும் தாலுக்கா ஆபீசில் எல்லாம் தெலுங்குதானே? அப்படியானால் எமலோகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

சில வெள்ளிக்கிழமைகள் கோழியும் தேங்காயும் கொண்டுவந்து 'நிழல் கழிப்பு' என்கிற பூஜை செய்தால், கடைசியில் இன்னொரு படம் வரும். அதே பூனை, ஆனால் நெஞ்சு பளிச். ஆவி போய்விட்டது! குட்டியின் இருமலும் பெரும்பாலும் நின்றிருக்கும். அப்படி நிற்காமல் குட்டி செத்துப்போனால்? "ஆவி போகும்போது பூனையையும் கூட்டிக்கினு போயிட்டுது. வீடு தப்பிச்சுது." பிழைத்தாலும் சாமி மகிமை, செத்தாலும் சாமி மகிமை. இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா?

இந்தக் கூட்டத்தில்தான் லட்சுமம்மா தன் மருமகள் சுந்தரியோடு வந்து மாட்டிக்கொண்டாள்.

சுந்தரி ரேணிகுண்டாப் பெண். ரயில்வே பட்டறை ஊழியரின் மகள். ஆவணியில் கல்யாணமாகி, புருஷன் பாலையாவின் வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடும் பொட்டு என்கிற பூனைக்குட்டியோடும் வந்தாள். பொட்டு இரும ஆரம்பித்தது. லட்சுமம்மாவின் புருஷன் செத்து இரண்டு வருஷம். கேட்க வேண்டுமா?

படம் வந்தது. லட்சுமம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுந்தரி மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சாமி, என் பொட்டுவுக்கு வாலு நேரா இருக்குமே. படத்துல கொக்கி மாதிரி வளஞ்சிருக்குதே?"

கொட்டகையில் அதுவரைக்கும் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். சாமிகளுக்குப் பேயைக் கண்டால் பயமில்லை. கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால்தான்.

"அம்மா லட்சுமம்மா," என்று குரலை இறக்கினார், "உன் புருஷன் சொல்ல வந்தது ஒரே சொல்லு. 'அனுப்பு.' இந்தப் பொண்ணு காலடி சரியில்லே. வர்ற வெள்ளிக்கிழமை பூனையைக் கெணத்துல வுட்டுடு. பொண்ணைப் பொறந்த வூட்டுக்கு பஸ் ஏத்திடு. திரும்பி எப்போ வரலாம்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் வந்தா உன் புள்ள உயிருக்கு நான் பொறுப்பில்லே."

"மாமனார் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு சாமி. அவரு என்னைப் பாத்ததே இல்லியே, என் காலடி அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சுந்தரி.

"பாத்தியா, வாயை!" என்றார் சாமி. அதுதான் பதில். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மகன் உயிர் என்று சொன்னபிறகு லட்சுமம்மாவிடம் எந்த நியாயமும் ஏறவில்லை. பாலையா வீரன். அம்மா இல்லாத இடத்தில் வீரன். மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு சுந்தரியிடம், "நீ போவாதே, நான் பாத்துக்குறேன்" என்றான். எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று கேட்டால் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான்.

"நீ ஒண்ணும் பாத்துக்க வேணாம்" என்றாள் சுந்தரி. "திருப்பதியில மாட்டு ஆஸ்பத்திரியில பூனைக்குக்கூடப் படம் எடுக்குற டாக்டரம்மா இருக்குறாங்களாம். உங்க அம்மாகிட்ட உரம் வாங்கப் போறோம்னு சொல்லு. அதையாவது சொல்லுவியா?"

அதைச் சொன்னான்.

டாக்டர் ஞானம்மாள் சித்தூர் மிஷன் தெருக்காரர். பெரிய கண்ணாடி, பெரிய சிரிப்பு. பூனைக்குட்டிகளின் நுரையீரலைப் படம் படமாக எடுத்து ஆராய்கிறார் என்று அவருடைய சொந்தச் சபையிலேயே அவருக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அதற்கும் சிரிப்பார்.

"முதல்ல பூனையோட பீ கொண்டாந்தீங்களா?" என்பதுதான் அவருடைய வரவேற்பு.

பாலையா திடுக்கிட்டான். ஊர்ச் சாமி கோழி கேட்கிறார், தேங்காய் கேட்கிறார். படித்த டாக்டர் இதைக் கேட்கிறாரே! யாரை மதிப்பது? சுந்தரி கூடையின் வைக்கோலிலேயே அது இருப்பதைக் காட்டினாள். டாக்டர் அதைப் புதையல் மாதிரி வாங்கி, துணியில் முடிந்து, தண்ணீரில் ஊறப்போட்டார்.

சாமி சொன்ன மாமனார் ஆவிக் கதையைச் சுந்தரி சொல்லி முடித்ததும் படம். பாலையாவுக்கு ஒரு ஈய அங்கியை மாட்டி, பொட்டுவின் காலைப் பிடிக்கச் சொன்னார்கள்.

"இன்னா மேடம் இது, இவ்ளோ கனம்!"

"கதிர் உன் மேல படாம இருக்க. பூனைக்குள்ளே ஆவி இருந்தாலும் படாது, பயப்படாதே."

படம் காய்ந்ததும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நேரான வால். நெஞ்சில் லேசான திட்டுகள். "இது புழுவோட வேலை. ஊறப்போட்ட தண்ணியை மைக்ராஸ்கோப்புல பாத்தேன், அதோட குஞ்சு நெளியுது. தலைமுடியைவிட மெல்லிசா இருக்கும், நுரையீரலுக்குள்ளே குடியிருக்கும். படத்துல புழு தெரியாது, அது பண்ண ரணம்தான் தெரியும். புழுவோட குஞ்சு பூனை பீயில வெளியே வருது, நத்தைக்குள்ளே போவுது, நத்தையைத் துன்ன பல்லி, எலி, தவளைக்குள்ளே போவுது. அதைக் குட்டிப் பூனை துன்னுது. மழைக்காலத்துல நத்தை ஜாஸ்தி. இவ்ளோதான் உங்க மாமனார்."

அப்போது சுந்தரி, நிழல்சாமி காட்டிய படத்தைப் பற்றியும் சொன்னாள். கொக்கி வால் என்றதும் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நுனி இப்படி வளைஞ்சிருக்குமா? அய்யய்யோ, அது என் பூனை! போன வருஷம் எங்கிட்ட வைத்தியத்துக்கு வந்தது. நோய் இருக்கும்போது ஒரு படம், மருந்து குடுத்து ஆறின பிறகு ஒரு படம். வேலை முடிஞ்ச பழைய படத்தையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டோம். அவன் அங்கே வாங்கியிருக்கான்! ஒரே பூனையை ஊர்ப் பூனைக்கெல்லாம் காட்டிக்கினு இருக்கான்!" சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை நான் வரேன். ஒரு நிமிஷத்துல உடைச்சுடுறேன்."

படித்தவர்களுக்கு எல்லாமே ஒரு நிமிஷம்தான்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் எள் போட இடமில்லை. முன்வரிசையில், அந்த ஊரில் அன்றைக்கு இருந்த ஒரே நாற்காலியில் பஞ்சாயத்துத் தலைவர், சர்பஞ்சு கங்கையா. வாயில் சுருட்டு. சாமிக்குக் கொட்டகையைக் கொடுத்தவரே அவர்தான். ரோட்டோரத்தில் சுந்தரியின் டிரங்குப் பெட்டி. அதன் மேல் லட்சுமம்மா. ரேணிகுண்டா பஸ் வந்ததும் மருமகளை ஏற்றிவிட்டு, அப்படியே கிணற்றங்கரைக்குப் போவதாகத் திட்டம். பொட்டு கூடையில் இருமிக்கொண்டிருந்தது. பாலையா கண்ணில் தண்ணீரோடு நின்றான். பயனில்லாத தண்ணீர்.

டாக்டர் ஞானம்மாள் மஞ்சள் துணி போட்டு மூடிய கூடையோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்தது. கூடை உள்ளே போனது. பல்பு, மோட்டார், சொட்டச் சொட்டப் படம்.

"பெரிய ஆவி!" என்றார் சாமி. "உன் பூனைக்குள்ளே இருக்கிறது உன் பாட்டன்."

"பூனையா?" டாக்டர் எழுந்து துணியை உருவினார்.

கூடைக்குள் சேவல்! ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்காக வளர்த்த சிவப்புச் சேவல். இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தது வெளிச்சம் பட்டதும் எழுந்து, சிறகை அடித்து, ஊரே அதிரக் கூவியது.

டாக்டர் வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்தார். "பாருங்க! உள்ளே போனது சேவல். படத்துல வந்தது பூனை. இப்போ இன்னா சொல்றீங்க?"

சாமி ஒரே ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் இரண்டு கையையும் தூக்கினார்.

"பாத்தீங்களா ஜனங்களே! ஆவி ஓடின வேகத்துல பூனை சேவலாயிடுச்சு!"

"கோவிந்தா! கோவிந்தா!" என்று கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

ஓடிவந்து சேவலின் காலில் விழுந்தார்கள். யாரோ அதன் கொண்டைக்குக் குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை அதன் சிறகுக்குக் கீழே நீட்டினாள். "என் சேவலைக் குடுங்கய்யா!" என்று டாக்டர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. குழம்புக்குப் போக வேண்டியது குலதெய்வமாகிவிட்டது.

சாமிக்கு முன்பைவிட மவுசு கூடிவிட்டது. டாக்டருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்ற சுந்தரியிடம், "கண்ணால பாத்தாலுமா நம்ப மாட்டாங்க?" என்றார்.

ரேணிகுண்டா பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியது. லட்சுமம்மா பெட்டியைவிட்டு எழுந்தாள்.

சுந்தரி யோசித்தாள். பூனை சேவலானால் இவர்களுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அதனால் நம்புகிறார்கள். எது ஆனால் நம்ப மாட்டார்கள்? அவள் பார்வை நாற்காலியில் போய் நின்றது. சர்பஞ்சு கங்கையா சுருட்டை எடுத்துவிட்டு இருமிக்கொண்டிருந்தார்.

"சர்பஞ்சு மாமா!" என்றாள் உரக்க. "நீங்களும் இருமிக்கினே இருக்கீங்களே?"

"ஆமாம்மா, மழை வந்ததுலேர்ந்து..."

"உங்க நைனா போறப்போ இன்னா சொன்னாரு?"

சர்பஞ்சு யோசித்தார். முகம் மாறியது. "ஏரிக்கரை நெலத்தைப் பத்தி ஏதோ சொல்ல வந்தாருடி. 'வரப்பு'ன்னாரு. அவ்ளோதான்."

கூட்டம் 'ஆ' என்றது. சாமி அவசரமாகக் குறுக்கிட்டார். "மனுஷனுக்கு இந்தப் பெட்டி ஆவாது. அதுக்கு வேற பெட்டி. வர்ற அமாவாசைக்கு..."

"ஏன் சாமி, ஆவிக்குப் பொட்டி அளவு தெரியுமா?" என்றாள் சுந்தரி. "பூனைக்குள்ளே பூந்துக்குற ஆவிக்கு மாமாவுக்குள்ளே இடம் பத்தாதா?"

"அதானே!" என்றாள் சந்திரம்மா. "சர்பஞ்சு இன்னா, பூனையைவிடக் கொறைச்சலா?"

அந்த ஒரு வார்த்தை போதும். சர்பஞ்சு நாற்காலியைவிட்டு எழுந்தார். "கொட்டகை என்னுது. ஊர்ப் பூனைக்கெல்லாம் படம், எனக்கு அமாவாசையா? எடுய்யா!"

சாமி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். எல்லாப் பக்கமும் பக்தர்கள். பக்தர்களைவிடக் கெட்டியான சுவர் கிடையாது.

சர்பஞ்சின் தலையில் மஞ்சள் துணியைப் போட்டுப் பெட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். பல்பு எரிந்தது. மோட்டார் கத்தியது, கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது. துணிக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பு. கடைசியில் கை வெளியே வந்தது. வேறு வழி? வாளியில் இருந்ததே இரண்டு படம்.

சாமி அதைச் சட்டென்று வாங்கி, ஒரு கையால் கால்களை மூடி, மறு கையின் கட்டைவிரலால் வாலை மறைத்து, மின்னல் மாதிரி ஒரு தரம் காட்டினார். "இதோ நெஞ்சு. இதோ உங்க நைனா. ஆச்சு!"

"இருங்க சாமி, வரப்பைப் பத்தி இன்னா எழுதியிருக்குது? கையை எடுங்க."

"கையில சக்தி இருக்குது. எடுத்தா அழிஞ்சுடும்."

"எடுய்யான்றேன்!" சர்பஞ்சு பிடுங்கிவிட்டார். வாசலுக்கு வந்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஊரே அவருக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்தது.

சர்பஞ்சின் விரல் முதுகெலும்போடு இறங்கி, அதற்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனது.

"இது இன்னாடா?" என்றார் சர்பஞ்சு மெதுவாக.

"வாலு, மாமா" என்றாள் சுந்தரி.

சர்பஞ்சின் வலது கை தானாகப் பின்பக்கம் போனது. வேட்டிக்கு மேல் ஒரு தடவு தடவியது. இல்லை. நன்றாக இன்னொரு தடவு. நிச்சயமாக இல்லை.

முதலில் சந்திரம்மாதான் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. "நாலு காலும் இருக்குது!" என்று ஒருவன் கத்தினான். "கொக்கி வாலு! என் பூனைக்கும் இதே கொக்கி வாலுதான் காட்டினான்!" என்றான் இன்னொருவன். "எனக்கும்!" "எனக்கும்! என் பூனைக்கு வாலே கிடையாது, நாய் கடிச்சுட்டுது!" இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவனைக் கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாது.

சாமி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஆவி ஓடின வேகத்துல..."

"ஓடின வேகத்துல?" சர்பஞ்சு திரும்பினார். "நான் பூனையாயிட்டனா? சொல்லுடா பார்க்கலாம்!"

சேவலை நம்பிய ஊர் இதை நம்பவில்லை. யாரோ கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே வாளியைக் கட்டிக்கொண்டு மைத்துனர் சின்னசாமி. வாளிக்குள் மிச்சம் ஒரே ஒரு படம். அவர் ஊரைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், மௌன விரதத்தை அங்கேயே முடித்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன் மாமா! ஒரு மனுஷப் படமும் வாங்கி வைன்னு! கேட்டியா?"

அதற்குமேல் கொட்டகையில் நடந்ததை வர்ணிக்க முடியாது. கூடைகள் கவிழ்ந்தன. பூனைகள் பறந்தன. நிழல்சாமி சந்தில் ஓடினார். அவரைப் பிடித்தது, கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள். கான்ஸ்டபிளின் ஒரு கையில் சாமி, மறு கையில் தன் வீட்டுப் பூனை. விசாரணையில் சாமியின் சொந்தப் பெயர் கன்னையா என்றும், டூரிங் டாக்கீசில் படம் ஓட்டிக்கொண்டிருந்தவர் என்றும் தெரிந்தது. அங்கேயாவது ரீலை மாற்றி மாற்றி ஓட்டினார்.

டாக்டர் இரண்டு படங்களையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். "நல்லாப் பாருங்க. ரெண்டும் ஒரே பூனை. இது நோயில, இது ஆறின பிறகு. நிறையக் குட்டிக்கு இந்தப் புழு தானாவே ஒழிஞ்சு, இருமல் நின்னுடும். அந்தப் பேரை இவன் வாங்கிக்கிட்டான். தானா ஒழியாத குட்டிக்குத்தான் மருந்து வேணும். அந்தக் குட்டிங்களைத்தான் இவன்கிட்ட கொண்டாந்து சாக வுட்டீங்க."

ஒவ்வொருவராகக் குனிந்து, கவிழ்ந்த கூடைகளை நிமிர்த்தினார்கள்.

ரேணிகுண்டா பஸ் வந்து நின்றது. "யாருய்யா ஏறுறது?" என்றார் கண்டக்டர். லட்சுமம்மா டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். பாலையா ஓடிவந்து கை நீட்டினான்.

"வுடுடா. இதைத் தூக்கி வெளியே வெச்சது நான், உள்ளே வெக்கிறதும் நான்." நாலு அடி போய் நின்றாள். சுந்தரியைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்த மனுஷன் குரலை இன்னொரு தரம் கேக்கலாம்னுதாண்டி போனேன். வேற ஒண்ணுமில்லே."

"எப்படிப் பேசுவாரு அத்தே? நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றாள் சுந்தரி.

லட்சுமம்மா வீடு போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே நடந்தாள். ஒரு பூனையும் தேவைப்படவில்லை.

பொட்டுவுக்குப் புழு மருந்து தொடர்ந்து கொடுத்தார்கள். இருமல் நின்றதும் பாலையா மருந்தை நிறுத்தப் பார்த்தான். "இருமல் நின்னா நோய் போச்சுன்னு அர்த்தமில்லே, படத்தைப் பாத்துதான் சொல்லணும்" என்று டாக்டர் திட்டி, மறுபடியும் ஈய அங்கியை மாட்டினார். படத்துக்குப் படம் திட்டு குறைந்தது. கார்த்திகை முடிவதற்குள் நுரையீரல் துடைத்துவிட்டது போல ஆனது.

கடைசிப் படம் எடுக்கப் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் புத்தலப்பட்டே நின்றது. பூனைகளோடு. நல்லது, ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று டாக்டர் ஞானம்மாள் வாய் கொள்ளாத சிரிப்போடு கதவைத் திறந்தார். முன்னால் நின்றது சர்பஞ்சு கங்கையா. கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் தேங்காய், பழம், கற்பூரம், எக்ஸ்ரே மெஷினுக்குப் போட ஒரு சாமந்தி மாலை.

"மெஷின்சாமி எந்தப் பக்கம் மேடம்?" என்றார் பயபக்தியோடு. பின்னால் நின்ற ஊர், முகத்துக்கு நேரே கை தூக்கிக் கும்பிட்டது.

டாக்டர் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தார். மாலையைத் தூக்கிப் பக்கத்துக் கொட்டிலில் கட்டியிருந்த மாட்டுக்குப் போட்டார். அது உடனே தின்ன ஆரம்பித்தது.

"கையைக் கீழே இறக்குங்கய்யா முதல்ல!" என்றார். "தூக்கின கை மறைச்சா, கண்ணுக்கு எதிர்ல காட்டுறது எப்படித் தெரியும்?"